பழைய அமெரிக்க ஹிட் பாடல்கள்: எந்த சிடி வரிசையைச் சேர்க்கலாம்?

1950, 60, 70-களின் அமெரிக்க பாப், ராக் ஹிட் பாடல்களை சிடியில் சேர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது நல்ல காலம். அமெரிக்காவில் முன்பு தபாலில் வரவழைத்து, ஒவ்வொன்றாகப் பணம் கட்டி வாங்கிய டிஸ்க்குகளை இப்போது அந்த வீட்டுப் பிள்ளைகள் பெட்டியோடு கொண்டுபோய் த்ரிஃப்ட் ஸ்டோரில், அதாவது பழைய பொருள் விற்கும் கடையில், கொடுத்துவிடுகிறார்கள். அங்கே ஓரிரு டாலருக்கு ஒன்று எடுக்கலாம். ஆனால் விலை மலிவு என்று கையில் பட்டதையெல்லாம் அள்ளினால், ஒரே பாட்டு ஏழெட்டு டிஸ்க்கில் இருக்கும், தேடுகிற பாட்டு எதிலும் இருக்காது. அதனால் எந்த வரிசையை அடித்தளமாக வைத்துக்கொள்வது, எதை மேலே அடுக்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

டைம்-லைஃப் என்ற அமெரிக்கக் கம்பெனி தபால் வழியில் விற்ற வரிசைகள், கடைகளில் விற்ற ரைனோ தொகுப்புகள், லண்டனிலிருந்து வரும் ஏஸ், அரிதான சிங்கிள்களை (தனிப் பாட்டாக வெளிவந்த ரெக்கார்டுகளை) தேடிப் போடும் எரிக், அப்புறம் கே-டெல் முதலான மலிவுச் சரக்கு. இவ்வளவுதான் களம். என் தேர்வு 1980-களின் பிற்பகுதியிலும் 90-களின் முற்பகுதியிலும் வந்த டைம்-லைஃப். ஆனால் எல்லா டைம்-லைஃபும் இல்லை. அது ஏன் என்று புரிய, ஒவ்வொன்றையும் யாருக்கு, எப்படி விற்றார்கள் என்று பார்க்க வேண்டும். டிஸ்க்கில் என்ன பாட்டு வரும், எந்த வடிவத்தில் வரும் என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்த விற்பனை முறைதான் தீர்மானித்திருக்கிறது.

அதற்கு முன், "எல்லாம்தான் போனிலேயே கேட்கிறதே, சிடி எதற்கு?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டோர்ஸ் குழுவின் 'லைட் மை ஃபயர்' 1967-இல் அமெரிக்க ஹிட் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஆல்பத்தில் அது ஏழு நிமிடம் ஓடும். சிங்கிளாக வெளியிட்டபோது நடுவில் வரும் நீண்ட ஆர்கன், கிடார் வாசிப்பை வெட்டி மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்கள். ரேடியோவில் ஓடி ஹிட் ஆக்கியது அந்த வெட்டிய வடிவம். ஸ்ட்ரீமிங்கில் தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் ஆல்பம் வடிவம்தான். இதேபோல் மோனோவில் (எல்லா ஒலியும் ஒரே தடத்தில்) கலந்து வெளிவந்த சிங்கிளுக்குப் பதில் இடம், வலம் என்று பிரித்த ஸ்டீரியோ கலவை, அசலுக்குப் பதில் முப்பது வருடம் கழித்து அதே பாடகர் மறுபடி பாடியது என்று வேறு எதையோ கேட்டுவிட்டு, இதுதான் அந்தப் பாட்டு என்று நினைத்துக்கொண்டிருப்போம். கேட்டால் போதும் என்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. சேர்க்கிறவர்களுக்கு இதுதான் விஷயமே.

சரி, டைம்-லைஃப். புத்தகம் விற்ற அதே முறையில்தான் இவர்கள் பாட்டையும் விற்றார்கள். டிவியில் விளம்பரம் வரும், பத்திரிகைக்குள் ஒரு அட்டை இருக்கும். போன் செய்தாலோ அட்டையை அனுப்பினாலோ முதல் டிஸ்க் வீட்டுக்கு வரும். பத்து நாள் கேட்டுப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பலாம். பிடித்திருந்தால் அப்புறம் சில வாரங்களுக்கு ஒருமுறை அடுத்த டிஸ்க் தானாகவே வந்துகொண்டிருக்கும், போதும் என்று சொல்லும்வரை. 1986-இல் 'ராக் அண்ட் ரோல் எரா' வரிசை தொடங்கியது. அதன்பின் 60-களின் பிற்பாதிக்கு 'கிளாசிக் ராக்', 70-களுக்கு 'சவுண்ட்ஸ் ஆஃப் தி செவன்டீஸ்', மென்மையான பாப் பாடல்களுக்கு 'சூப்பர் ஹிட்ஸ்' என்று ஒவ்வொன்றாக வந்தன. பெரும்பாலும் ஒரு டிஸ்க்குக்கு ஒரு வருடம், இருபதுக்கு மேல் பாட்டு.

இந்தச் சந்தா முறையால் சேகரிப்பவருக்கு ஒரு நன்மை, ஒரு தொல்லை. நன்மை, பாடல்களின் பரப்பு. கடையில் விற்கும் சிடிக்கு ஒரு கம்பெனி தன்னிடம் உரிமை உள்ள பாடல்களையே பெரும்பாலும் போடும். டைம்-லைஃப் வார்னர், சிபிஎஸ், ஆர்சிஏ, எம்சிஏ, பாலிகிராம் என்று எல்லாக் கம்பெனிகளிலும் பிறருக்குப் பாட்டு உரிமை கொடுக்கும் 'ஸ்பெஷல் ப்ராடக்ட்ஸ்' பிரிவுகளிடமும் உரிமை வாங்கி, பல கம்பெனிப் பாட்டை ஒரே டிஸ்க்கில் வைத்தது. 'ராக் அண்ட் ரோல் எரா'வில் எல்விஸுக்கு என்றே தனி டிஸ்க் உண்டு. தொல்லை, பெரிய ஹிட்டுகளைப் பிரித்து வைத்திருப்பது. முதல் டிஸ்க்கிலேயே அந்த வருடத்தின் எல்லாப் பெரிய பாட்டையும் கொட்டிவிட்டால் சந்தாதாரர் அதோடு நிறுத்திவிடுவார் அல்லவா? பந்தியில் பாயசத்தைக் கடைசிவரை தள்ளிப்போடுகிற மாதிரி, ஒரு வருடத்தின் பாடல்களை இரண்டு, மூன்று டிஸ்க்குகளில் பரப்பி வைத்தார்கள். 1957 என்று ஒரு டிஸ்க் வரும், பின்னால் '1957: ஸ்டில் ராக்கின்' என்று இன்னொன்று வரும். 70-கள் வரிசையில் '1970'-க்குத் துணையாக '1970: டேக் டூ'. இரண்டாவது டிஸ்க் மிச்சம் மீதி என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதல் டிஸ்க்கில் இருக்க வேண்டியது என்று நினைக்கிற பாட்டு இதில்தான் இருக்கும். வருடம் ஒன்றுக்கு எத்தனை டிஸ்க் என்று பார்த்து, அந்த வருடத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் போவது நல்லது.

பீட்டில்ஸ் பாட்டைத் தேடி இந்த வரிசைகளுக்குள் போக வேண்டாம். அவர்களின் ஈஎம்ஐ பதிவுகள் இப்படிப்பட்ட தொகுப்புகளுக்குக் கிடைக்கவில்லை. 1964-க்கான தொகுப்பில் பீட்டில்ஸ் இல்லை என்பது பார்க்க வேடிக்கையாக இருக்கும். அந்த வருடம் ஏப்ரல் தொடக்கத்தில் பட்டியலின் முதல் ஐந்து இடமும் அவர்களுடையதுதான். அதற்குத் தனியாக அவர்களின் சிடியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இனி ஒலி. இங்கேதான் பழைய டைம்-லைஃப் டிஸ்க்குகளுக்கு மதிப்பு ஏறுகிறது. அந்தக் காலத்தில் சிடியின் ஒலி அளவை உச்சிக்கு ஏற்றும் பழக்கம் இன்னும் வரவில்லை. பிளேயரில் போட்டதும் "என்ன இது, சத்தம் குறைவாக இருக்கிறதே" என்று தோன்றும். வால்யூமைக் கொஞ்சம் கூட்டிவிட்டுக் கேளுங்கள். டிரம் அடி எழும்பி நிற்கும், பாடகர் மூச்சு விடுவதற்கும் கத்துவதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பின்னாளில் ரீமாஸ்டர் செய்து, அதாவது ஒலியைப் புதிதாகச் சீரமைத்து, வந்த பல சிடிக்களில் எல்லாம் ஒரே உயரத்தில் ஒலிக்கும். கம்ப்யூட்டரில் நகலெடுத்து ஒலியின் அலை வடிவத்தைப் பார்த்தால் செங்கல் அடுக்கியது மாதிரி நேராக நிற்கும். இந்தப் பழைய டிஸ்க்குகள் பலவற்றில் மாஸ்டரிங் செய்தவராக டென்னிஸ் டிரேக் பெயர் இருக்கும். சேகரிப்பவர்கள் அந்தப் பெயரைத் தேடி வாங்குவதும் உண்டு. எல்லாப் பாட்டும் ஒரே தரம் என்று சொல்ல முடியாது, கம்பெனி அனுப்பிய டேப் எப்படியோ அப்படித்தான். சிங்கிள் வடிவத்துக்குப் பதில் ஆல்பம் வடிவம் வந்த இடங்களும், மோனோ ஹிட்டுக்குப் பதில் ஸ்டீரியோ வந்த இடங்களும் இருக்கின்றன. 60-களின் சில ஸ்டீரியோ கலவைகளில் பாட்டு ஒரு பக்கம், வாத்தியம் மறுபக்கம். ஹெட்போனில் கேட்டால் தலைக்குள் யாரோ தடுப்புச் சுவர் கட்டிவிட்டது போல் இருக்கும்.

வாங்கும்போது டிஸ்க்கின் எண்ணைப் பாருங்கள். 'கிளாசிக் ராக்' டிஸ்க்குகளின் எண்ணில் சிஎல்ஆர் (CLR) என்றும், 70-கள் வரிசையில் எஸ்ஓடி (SOD) என்றும், 'சூப்பர் ஹிட்ஸி'ல் எஸ்யூடி (SUD) என்றும் எழுத்துகள் இருக்கும். 'சூப்பர் ஹிட்ஸ்' 1995 வாக்கில் 'ஏஎம் கோல்டு' ஆனது. பெயரும் அட்டையும் மாறின, உள்ளே ஏறக்குறைய அதே பாடல்கள். இது தெரியாமல் இரண்டையும் வாங்குகிறவர்கள் நிறைய. இன்னொரு குழப்பம், 1970-க்கு 'சூப்பர் ஹிட்ஸ்' டிஸ்க்கும் உண்டு, 'சவுண்ட்ஸ் ஆஃப் தி செவன்டீஸ்' டிஸ்க்கும் உண்டு. இரண்டிலும் பொதுவான பாட்டு கணிசமாக வரும். இனிமையான ரேடியோ பாப் பிடிக்கும் என்றால் முன்னது, கொஞ்சம் கிடார் கனமாக வேண்டும் என்றால் பின்னது. இரண்டு வரிசையையும் முழுதாகச் சேர்ப்பது அலமாரியை நிரப்ப உதவும், அவ்வளவுதான்.

அடுத்து ரைனோ. லாஸ் ஏஞ்சலஸில் 1973-இல் ஒரு ரெக்கார்டு கடையாகத் தொடங்கி, பின்னால் கம்பெனியாக வளர்ந்தது. கடைக்காரர்கள் நடத்திய கம்பெனி என்பது அவர்கள் தொகுப்பைப் பார்த்தாலே தெரியும். ஹிட் பட்டியல் வெளியிடும் பில்போர்டு பத்திரிகையின் பெயரில் இவர்கள் போட்ட வருடவாரி வரிசையில் டிஸ்க்குக்குப் பத்தே பாட்டு. அந்தந்த வருடத்தின் பெரிய ஹிட்டுகள், ஒலி அருமை, ஆனால் பத்துப் பாட்டுக்கு ஒரு சிடி என்பது இன்று கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கிறது. நான் ரைனோவைப் பரிந்துரைப்பது 1990-இல் தொடங்கி 25 டிஸ்க் வரை போன 'ஹேவ் எ நைஸ் டே' வரிசைக்காக. 70-களில் ஒரே ஒரு ஹிட் கொடுத்துவிட்டுக் காணாமல் போன குழுக்கள், இன்று வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற அளவுக்கு இனிப்பான பாடல்கள், ஒரு கோடை முழுக்க ஓடி அப்புறம் மறந்துபோன காமெடிப் பாட்டுகள் எல்லாம் இதில் இருக்கின்றன. சந்தாதாரர் டிஸ்க்கைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பயப்படுகிற கம்பெனி இப்படிப்பட்ட பாடல்களை வரிசையாக அடுக்காது. கடையில் தேடி வந்து வாங்குகிறவனுக்கு விற்கும் கம்பெனிதான் அடுக்கும். 70-களில் மூழ்க விரும்புகிறவர்கள் இதையே முதன்மையாக வைத்துக்கொண்டாலும் தப்பில்லை. பழைய சரக்கில் டைம்-லைஃபை விட விலை கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பிந்தைய எண் டிஸ்க்குகள் அவ்வளவு எளிதில் கையில் சிக்காது.

ஏஸ் வேறு ரகம். லண்டன் கம்பெனி, விற்பனை ஏற்கெனவே பைத்தியம் பிடித்தவர்களுக்கு. 'கோல்டன் ஏஜ் ஆஃப் அமெரிக்கன் ராக் அண்ட் ரோல்' வரிசையில் 1954 முதல் 1963 வரையிலான பட்டியல் பாடல்கள், டிஸ்க்குக்கு முப்பது. புக்லெட் கனமாக இருக்கும். பாடகர் யார், எந்த ஊர் ஸ்டுடியோ, எந்த லேபிள், பட்டியலில் எவ்வளவு உயரம் போனது என்று பாட்டுக்குப் பாட்டு எழுதியிருப்பார்கள், கூடவே பழைய லேபிள் படங்கள், விளம்பரங்கள். டைம்-லைஃபின் மெல்லிய புக்லெட்டைப் பார்த்துவிட்டு இதைத் திறந்தால் வித்தியாசம் புரியும். காசு கொடுக்கத் தயார் என்றால், பீட்டில்ஸுக்கு முந்தைய பத்து வருடத்துக்கு ஏஸை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் இது த்ரிஃப்ட் ஸ்டோரில் கிடக்கிற சரக்கில்லை. ஏறக்குறைய புது சிடி விலையே கொடுக்க வேண்டியிருக்கும், அதோடு 1964-க்குப் பின் என்ன செய்வது என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எரிக் ரெக்கார்ட்ஸின் 'ஹார்ட் டு ஃபைண்ட் 45ஸ் ஆன் சிடி' (45 என்பது சிங்கிள் ரெக்கார்டு) பெயரிலேயே சொல்லிவிடுகிறது. மற்றவர்கள் விட்டுப்போன சிங்கிள்கள், அல்லது சிடியில் சரியான வடிவத்தில் வராதவை. அடித்தளமாக இதை வைக்க முடியாது, இடைவெளியை அடைக்கத்தான். மற்ற வரிசைகளைச் சேர்த்து முடித்து, இல்லாத பாடல்களின் பட்டியல் ஒன்று கையில் வந்தபின் இதன் பக்கம் போகலாம்.

கே-டெல் பற்றி நீட்ட வேண்டாம். கனடாவின் வின்னிபெக்கில் ஃபிலிப் கைவ்ஸ் தொடங்கிய இந்தக் கம்பெனிதான் டிவியில் கூவிக் கூவித் தொகுப்பு விற்கும் வியாபாரத்தையே பரவலாக்கியது. 70-களின் எல்பி ரெக்கார்டுகளில் இருபது பாட்டைத் திணிக்கப் பாடல்களைச் சுருக்கினார்கள். சிடி காலத்தில் பிரச்சினை வேறு மாதிரி. கே-டெல் மட்டுமல்ல, மலிவு விலைத் தொகுப்பு போட்ட பலரும் அசல் பதிவுக்கு உரிமைப் பணம் கொடுப்பதைத் தவிர்க்கப் பாடகரைத் திரும்பப் பாடவைத்த பதிவுகளைப் போட்டார்கள். முன் அட்டையில் 'ஒரிஜினல் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின் அட்டையின் அடியில், பார்கோடுக்குப் பக்கத்தில், கண்ணாடி போட்டாலும் சிரமப்படும் எழுத்தில், குழுவின் அசல் உறுப்பினர் ஒருவரோ பலரோ மறுபதிவு செய்தது என்று ஒரு வரி இருக்கும். கடையில் நின்றபடியே அந்த வரியைத் தேடுங்கள். இருந்தால் ஒரு டாலராக இருந்தாலும் கீழே வைத்துவிடுங்கள். பழைய டைம்-லைஃப் டிஸ்க்கில் அதே இடத்தில், டைம்-லைஃப் மியூசிக்குக்காக வார்னர் ஸ்பெஷல் ப்ராடக்ட்ஸ் தயாரித்தது என்பது போன்ற வாசகம் இருக்கும். அது நம்பிக்கையான அடையாளம்.

இனி, எல்லா டைம்-லைஃபும் இல்லை என்று சொன்னதற்கு வருகிறேன். 2000-க்குப் பின் அரை மணி நேர டிவி விளம்பரங்களில் பெரிய பெட்டியாக விற்றார்கள். நடிகர் பீட்டர் ஃபோண்டா வந்து பேசி விற்ற 'ஃபிளவர் பவர்' அந்த ரகம். பெட்டியை ஒரே மூச்சில் விற்க வேண்டும் என்பதால் கேட்டவுடன் தெரிகிற பாடல்களாகவே பொறுக்கியிருப்பார்கள். சந்தா காலத்து டிஸ்க்குகளில் நடுவே வந்து மாட்டுகிற, பட்டியலில் முப்பதாவது இடத்தோடு நின்றுபோன நல்ல பாடல்கள் இவற்றில் குறைவு. ஒலியும் அந்தக் காலத்துப் பழக்கப்படி உரக்க இருக்கும். காரில் போட்டுக் கேட்க, பெற்றோருக்குப் பரிசாகக் கொடுக்க நல்ல பெட்டி. சேகரிப்புக்கு அடித்தளமாக வேண்டாம். ரீடர்ஸ் டைஜஸ்ட் பெட்டிகளும் ஏறக்குறைய இதே கணக்குதான், ராக்கை விட மெல்லிசைப் பக்கம் அதிகம் சாய்ந்திருக்கும்.

கொலம்பியா ஹவுஸ், பிஎம்ஜி மாதிரி கிளப்புகளை இதோடு குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு சென்ட்டுக்குப் பன்னிரண்டு சிடி என்று ஆசைகாட்டி ஆள் சேர்த்த கிளப்புகள் அவை. அதுவும் தபால் வழிதான், ஆனால் விற்றது பெரும்பாலும் கடையில் கிடைக்கிற அதே ஆல்பங்களை. பின்பக்கம் பார்கோடு இல்லாமலோ, தயாரிப்பு வாசகத்தில் இண்டியானாபொலிஸ் முகவரியோடோ ரைனோ சிடி ஒன்று கிடைத்தால் அது கிளப் பதிப்பாக இருக்கலாம். உள்ளே பாட்டு அதேதான், பயமில்லாமல் வாங்கலாம். விலை பேசும்போது அதைச் சொல்லிக் குறைத்துக் கேட்கலாம்.

முழு வரிசையாக ஒரே லாட்டில், அதாவது மொத்தமாக, வாங்குவதா, ஒவ்வொன்றாகத் தேடுவதா? லாட் மலிவு. ஈபேயில் ஒரு வரிசையின் பாதிக்கு மேல் சேர்ந்தாற்போல் விற்பனைக்கு வரும், அமெரிக்காவுக்குள் மீடியா மெயில் என்ற மலிவுத் தபாலில் அனுப்பினால் தபால் செலவும் குறைவு. ஆனால் விற்பவர் போட்டிருக்கும் படத்தில் கேஸ்களின் முதுகு மட்டும்தான் தெரியும். அப்படி வாங்கிய ஒரு பெட்டியில் எனக்கு 1968 கேஸுக்குள் யாரோ ஒருவரின் கிறிஸ்துமஸ் பாட்டு சிடி வந்தது. ஒவ்வொரு கேஸையும் திறந்து டிஸ்க்கின் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், நல்ல விற்பனையாளர் அனுப்புவார். இங்கிலாந்தில் அச்சான பழைய சிடி என்றால் நிறத்தையும் பாருங்கள். பிளாக்பர்னில் இருந்த பிடிஓ தொழிற்சாலையில் 1988 முதல் 93 வரை தயாரான சில டிஸ்க்குகள் வெண்கல நிறமாகப் பழுத்துக் கெட்டுப்போகின்றன. ஓரத்திலிருந்து பழுப்பு ஏறியிருந்தால் வேண்டாம்.

பணமும் இடமும் குறைவு என்றால் 'கிளாசிக் ராக்' வரிசையில் 1965, 66, 67-க்கான டிஸ்க்குகளோடு தொடங்குங்கள். அந்த மூன்று வருடத்தைக் கேட்டபின் பின்னோக்கிப் போக ஆசை வந்தால் 'ராக் அண்ட் ரோல் எரா', அதிலேயே பைத்தியம் முற்றினால் ஏஸ். முன்னோக்கிப் போக ஆசை வந்தால் 70-கள் வரிசை, அப்புறம் ரைனோவின் 25. மெல்லிய பாட்டுதான் கேட்பேன் என்பவர்கள் நேராக 'சூப்பர் ஹிட்ஸு'க்கே போய்விடலாம், பழைய அட்டையோ புதிய அட்டையோ ஏதாவது ஒன்று.

அமெரிக்காவில் இல்லாமல் நம் ஊரில் இருந்துகொண்டு சேர்க்கிறவர்களுக்குத் தபால் செலவு டிஸ்க் விலையைப் போலப் பல மடங்கு ஆகிவிடும். அமெரிக்காவில் அக்காவோ தம்பியோ இருந்தால் அங்கே வரவழைத்து வைத்துக்கொண்டு, விடுமுறைக்கு வரும்போது எடுத்துவரச் சொல்வதுதான் வழி. கேஸோடு பெட்டியில் வைத்தால் கனமும் கூடும், பாதி கேஸ் உடைந்தும் வரும். டிஸ்க்குகளைக் கழற்றி ஜிப் வைத்த சிடி பையில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். புக்லெட்டையும் பின் அட்டையையும் மட்டும் தூக்கிப் போட்டுவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிவையுங்கள், எந்தப் பாட்டு எந்தக் கம்பெனியிடமிருந்து வந்தது என்ற விவரமெல்லாம் அவற்றில்தான் இருக்கிறது. காலி கேஸ் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.